மூன்றாம் மாதச் சோதனை

சுருளிப்பட்டி துணை சுகாதார நிலையத்தில் அன்று பேசியது ஒரு வார்த்தை விடாமல் நர்ஸ் அனுசுயாவுக்கு நினைவிருக்கிறது.

"எனக்கே குடும்பக்கட்டுப்பாடு பண்ணி விட்ருங்கக்கா," என்றுதான் பவானி ஆரம்பித்தாள்.

"ஒன் நெஞ்சு வால்வுக்கு மயக்க மருந்து ஆகாதுன்னு தேனி டாக்டர் சொல்லிட்டாருல்ல? இன்னொரு பிள்ளையும் தாங்காது. ஒன் வீட்டுக்காரர்தான் பண்ணிக்கணும். பத்து நிமிசம், தையல்கூட இல்ல."

வாசலில் வண்டியில் சாய்ந்திருந்த சுருளிராஜன் சிரித்தான். "அப்புறம் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டேங்கு தூக்க முடியுமாக்கா? இல்ல, திராட்சைப் பந்தலுக்கு அடியிலயே படுத்துக்கிடணுமா?"

"ஒரு வாரம் பொறுங்க தம்பி. அப்புறம் பொண்டாட்டியையும் சேத்துத் தூக்கலாம்."

பவானி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஒடனே பலிக்காது. மூணு மாசம் உறை போடணும். பெறகு விந்து டெஸ்ட். அதுல அணு இல்லைனு பேப்பர் வந்தாத்தான் நம்பலாம்."

"சரிக்கா," என்று வண்டியை உதைத்தான்.

ஆபரேசன் செய்துகொண்டான். டெஸ்டுக்குப் போகவில்லை. லேப்பில் இருந்த பெண் அவனுக்குக் கொழுந்தியா முறை. அவளிடம் போய் அந்த டப்பாவை நீட்டுவதாவது!

ஆபரேசன் ஆன ஐந்தாம் மாதம் பவானிக்கு நாள் தள்ளியது.

"அடச்ச வாய்க்கால்ல தண்ணி எங்கிட்டுருந்து வந்துச்சாம்?" என்று மாமியார் சண்முகத்தாய் தெருவில் நின்று கேட்டாள். சுருளிராஜன் பவானி போட்ட சோற்றைத் தொடவில்லை.

டெஸ்ட் எடுக்காமல் விட்டதுதான் காரணம் என்று அனுசுயா வீடு தேடிப் போய்ச் சொன்னாள். "வாயில சொன்னா ஆச்சா? பேப்பர் இருந்தாக் காட்டுங்க," என்றாள் சண்முகத்தாய். சுருளிராஜன் கொல்லைப்புறமாக நழுவிவிட்டான்.

பவானி ஆண்டிபட்டிக்குத் தாய்வீடு போனாள். கருவைக் கலைத்துவிடும்படி டாக்டர்கள் சொன்னார்கள். "கலைச்சா அவுக சொன்னது நெசம்னு ஆயிரும்," என்று மறுத்துவிட்டாள். ஏழாம் மாதம் மூச்சு முட்டியது. தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது.

காரியம் முடிந்த மறுநாள் சுருளிராஜன் தானாகவே அந்த லேப்புக்குப் போனான். அணுக்கள் இருப்பதாகப் பேப்பர் வந்தது. அதை அனுசுயாவின் மேசையில் வைத்தவன், எழுந்து போகத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அனுசுயாவால் அவனைத் திட்ட முடியவில்லை. ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறிய அன்று, வழியனுப்பப் போன அனுசுயாவின் கையை ஜன்னல் கம்பி வழியே பிடித்துக்கொண்டு பவானி கேட்டிருந்தாள்:

"அவுகளத் திட்டாதீகக்கா. ஒரே ஒரு தடவ டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பேப்பர என் மாமியா கையில நீங்களே குடுத்துருங்க."