டொக்டருக்கென்று வைத்திருந்த வருத்தம்

கஸ்பருக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை மதியச் சாப்பாட்டில்தான். ஒரு துண்டு ஆட்டிறைச்சி நெஞ்செலும்புக்குப் பின்னால் போய், அங்கேயே நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தார். தண்ணீரும் அதன் மேலேயே நின்றது. மூச்சு விட முடிந்தது, ஆனால் உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டியது. இரண்டு நிமிடத்தில் அது தானாக இறங்கிவிட்டது. மேசையில் இருந்த யாரும் கவனிக்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. ஜனவரி பிறந்தபோது பேக்கரிப் பாணும் அதே இடத்தில் நிற்கத் தொடங்கியது.

மன்னாரில் பிறந்து, கடல் கடந்து வந்து, இருபத்தாறு வருடமாக ஆங்கிலேயரின் நாட்டில் குட்மேய்ஸ் என்ற ஊரில் குடியிருக்கும் மனிதர். வயது ஐம்பத்தொன்பது. பக்கத்து ஊரில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் வேலை. எந்த அரிசி மூட்டையில் வண்டு வைக்கும், எந்த ஃப்ரீசர் இந்தக் கிழமை நின்றுபோகும் என்பதெல்லாம் அவருக்குச் சத்தத்திலும் மணத்திலுமே தெரியும். ஆனாலும் ஒரு பிரச்சினை என்றால் வாடிக்கையாளர் அவரை ஏறிட்டும் பார்க்க மாட்டார். "மனேஜரைக் கூப்பிடு" என்பார். மனேஜர் சுஜீத்துக்கு இருபத்தெட்டு வயது. அவன் வந்து, "அங்கிள், இதுக்கு என்ன செய்யிறது?" என்று கஸ்பரின் காதுக்குள் கேட்பான். கஸ்பர் சொன்னதையே திரும்பி நின்று வாடிக்கையாளருக்குச் சொல்வான். அவரும் திருப்தியாகப் போவார். இதில் கஸ்பருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. சில்லறை விசயம் கீழே, பெரிய விசயம் மேலே. உலகம் அப்படித்தான் என்று நம்பியிருந்தார்.

அதனால்தான் கிளினிக்குக்குப் போன் எடுத்தபோது அவருக்கு முகம் சுருங்கியது. வியாழக்கிழமை கிளேயர் பார்ப்பார் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். கிளேயர் டொக்டர் இல்லை, நேர்ஸ் பிராக்டிஷனர். நோயாளியைப் பார்ப்பார், மருந்து எழுதுவார், தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார் என்று விளக்கமும் சொன்னாள். கஸ்பரின் கணக்கில் நேர்ஸ் என்றால் பிரஷர் பார்ப்பவர், காயத்துக்கு மருந்து கட்டுபவர், இனிப்புச் சாப்பிடாதே என்று ஏசுபவர். எனவே ஒரு முடிவு எடுத்துக்கொண்டார். நேர்சுக்கு நேர்சின் அளவுக்குச் சொல்வது. உண்மையான வருத்தத்தை, விழுங்க முடியாத அந்த நோயை, டொக்டருக்கென்று பத்திரமாக வைத்திருப்பது.

கிளேயருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றி வைத்திருந்தார். கஸ்பர் வயிற்றைத் தடவிக் காட்டி, "கொஞ்சம் காஸ்ரிக்" என்றார் ஆங்கிலத்தில். கிளேயர் கையால் அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"சாப்பாடு விழுங்கும்போது எங்கேயாவது நிற்கிறதா?"

கஸ்பர் கையை வயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். இவளுக்கு எப்படித் தெரியும்?

"இல்லை" என்றார்.

"பாண், இறைச்சி? ஒருதரமாவது?"

"இல்லை, இல்லை."

எடை பார்க்கலாம் என்றார் கிளேயர். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கஸ்பர் எழுந்தே விட்டார். வயிற்றுக்கு இருபத்தெட்டுக் குளிசை, நாலு கிழமைக்கான மாத்திரை, கிடைத்தது. "விழுங்கக் கஷ்டமாக வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்" என்று கதவுவரை வந்து சொன்னார் கிளேயர்.

பஸ் தரிப்பில் நின்றபோது கஸ்பருக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு டொக்டர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நல்ல சாட்டுத்தான். மூன்று கிழமை கழித்து டொக்டரிடமே ஒரு நேரம் கிடைத்தது. அந்த நாள் கிட்ட வந்ததும் ஷிப்ட் மாறிவிட்டது என்று போன் எடுத்து அதை நிறுத்தியது வேறு யாருமல்ல, கஸ்பர்தான். டொக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். நேர்சை நம்பவில்லை, டொக்டரை நெருங்கவும் துணிவில்லை. மனிதர் நடுவிலே மாட்டிக்கொண்டார்.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் அறிவித்தார்.

"இந்த முறை நான் முழுத் தவக்காலமும் இறைச்சி, சோறு, பாண் ஒண்டும் தொடமாட்டன். கஞ்சியும் சூப்பும் போதும்."

பியற்றிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாகக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்த மனிதர்! பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னாள். "இவர் இந்த வருசம் என்னமா ஒறுத்தல் செய்யிறார் தெரியுமோ?" ஆட்களும் கஸ்பரின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்து, "அண்ணை, உங்கட முகத்தில ஒரு களை வந்திருக்கு" என்றார்கள். கஸ்பர் சிரித்துக்கொண்டு நின்றார். காற்சட்டை இடுப்பில் நிற்காததால் கடையின் பின்பக்கத்தில் ஆணியால் பெல்ட்டில் ஒரு துளை போட்டிருந்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

ஊரெல்லாம் தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்திருக்க, அது வரக்கூடாது என்று மன்றாடிக்கொண்டிருந்த ஒரே கத்தோலிக்கர் அவராகத்தான் இருப்பார். பெரிய வெள்ளியன்று கஞ்சியும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. சிலுவைப் பாதையில் முழந்தாளிட்டபோது ஆண்டவரின் பாடுகள் ஒன்றும் அவருடைய மனதில் நிற்கவில்லை. ஞாயிறு மேசையில் என்ன செய்வேன் என்பது மட்டுமே நின்றது.

ஞாயிறு வந்தது. வீடு நிறைய ஆட்கள். பியற்றிஸ் ஆட்டிறைச்சிக் கறியின் நல்ல துண்டாகப் பார்த்துக் கணவரின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

"நாப்பது நாள் இருந்திட்டார். முதல் வாய் அவருக்குத்தான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் துண்டை வாயில் போட்டு மென்றார். நார் நாராகும்வரை மென்றார். "அண்ணைக்கு ருசி மறந்துபோச்சு" என்று யாரோ சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அது நின்றது. இந்த முறை இரண்டு நிமிடம் போயும் இறங்கவில்லை. எச்சில் நுரைநுரையாக மேலே ஏறியது. கதிரையைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். தொட்டியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். செத்துப்போகப் போகிறேன், ஆட்கள் சிரிக்கச் சிரிக்கச் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தார்.

"இஞ்சாருங்கோ! கதவைத் திறவுங்கோப்பா!"

துண்டு ஒருவாறு திரும்பி வெளியே வந்த பிறகுதான் கதவைத் திறந்தார். பியற்றிஸ் அவருடைய முகத்தைப் பார்த்தாள். சேர்ட் மேலே ஏறியிருந்தது. பெல்ட்டில் இருந்த கோணல் துளைகளையும் பார்த்தாள்.

"எப்ப இருந்து?"

"நத்தாரில இருந்து. விழுங்க ஏலாமக் கிடக்கு."

"அப்ப இந்த ஒறுத்தல்?"

அவர் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். பியற்றிஸ் குளிக்கும் தொட்டியின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டாள்.

"ஐயோ, நான் கோயில் முழுக்கப் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனே" என்றாள்.

திங்கள் விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை கிளினிக் திறந்ததும் இருவரும் வரவேற்பில் நின்றார்கள். இன்று கிளேயர்தான் இருக்கிறார் என்றார்கள். கஸ்பர் வாயெடுக்கும் முன்னமே பியற்றிஸ், "ஆரெண்டாலும் பரவாயில்லை, இப்பவே பாக்கச் சொல்லுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

இந்த முறை கஸ்பர் எல்லாவற்றையும் சொன்னார். கிளேயர் ஏசவில்லை. கணினியில் ஜனவரிப் பக்கத்தை எடுத்து, அதில் எழுதியிருந்ததை வாசித்தார். "விழுங்குவதில் சிரமம் இல்லை என்கிறார், இரண்டு தரம் கேட்டேன்."

"அன்றைக்கே சாப்பாடு நின்றுகொண்டுதானே இருந்தது?"

"ஓம்."

"ஏன் சொல்லவில்லை?"

கஸ்பர் தன் கைகளைப் பார்த்தார். "டொக்டரிடம் சொல்லலாம் என்று…"

"அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்" என்றார் கிளேயர். கஸ்பரை எடை பார்க்கும் தட்டில் ஏற்றினார். கணினியில் இருந்த பழைய எடையைவிடப் பதினொரு கிலோ குறைந்திருந்தது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவசரப் படிவத்தை நிரப்பினார். இது புற்றுநோயா என்று பார்க்கத்தான் அனுப்புகிறேன், இல்லாமலும் இருக்கலாம் என்றார். பியற்றிஸ் கைப்பையைத் திறந்து செபமாலையைத் தேடினாள். அது கைக்கு அகப்படவில்லை.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாய் விட்டவரும் ஒரு நேர்ஸ்தான். டொக்டர் எங்கே என்று கஸ்பர் கேட்கவில்லை. "மெதுவாகச் செய்வீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் மெதுவாகத்தான் செய்தார். திரையில் எதையோ பார்த்துவிட்டு அவர் குழாயை அங்கேயே நிறுத்தி, படம் படமாக எடுக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு ஸ்கான்கள். அதன் பிறகுதான் சத்திரசிகிச்சை நிபுணர். முகுந்த் என்று கதவில் பெயர் இருந்தது. சென்னைக்காரர், தமிழிலேயே பேசினார். பியற்றிஸுக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது. முகுந்த் படங்களைக் காட்டினார். கட்டி உணவுக்குழாயின் சுவரைத் தாண்டிவிட்டது என்றார். முதலில் கீமோ. அது சுருங்கினால் ஆப்பரேஷன்.

"சுருங்காட்டி?" என்று கேட்டாள் பியற்றிஸ்.

"இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் முகுந்த். பிறகு கஸ்பரைப் பார்த்தார். "எப்ப ஆரம்பிச்சுது சார்?"

"டிசம்பர்."

"நாலு மாசத்துக்கு மேல ஆச்சே. அங்க யாருமே இதப்பத்தி கேக்கலையா?"

"கேட்டவா. ஜனவரியிலயே நேர்ஸ் கேட்டவா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கஸ்பர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதமும் மனதுக்குள் எத்தனையோ தரம் பேசிப் பார்த்த டொக்டர், கையெட்டும் தூரத்தில், அவருடைய பாஷையிலேயே கேட்டுக்கொண்டு இருந்தார்.

"இல்லையெண்டு சொன்னனான், டொக்டர்" என்றார். "உங்களிட்டச் சொல்லத்தான் வச்சிருந்தனான்."