ரப்பர் பாலும் பாதிப் புருவமும்

கொரோனா ஓய்ந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் நான் மட்டும் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் தூசி ஒத்துக்கொள்ளாது என்பேன். உண்மையில் எனக்கு ஒத்துக்கொள்ளாதது என் முகம்தான். ஒன்பதாம் வகுப்பில் கன்னத்தில் இரண்டாக வந்த பரு, பத்தாம் வகுப்புக்குள் நெற்றி, மூக்கு, தாடை என்று குடியேறிவிட்டது. தம்பி என்னை அயனிச்சக்கை என்று கூப்பிட்டான். பலாப்பழத்தின் சின்ன உருவம் அது, உடம்பெல்லாம் முள். அத்தைமார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெறும் வயிற்றில் எச்சில் தொட்டு வைக்கச் சொன்ன அத்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கண்ணாடி பார்க்காமலே தலை சீவப் பழகினேன். மாஸ்க்குக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பதும் அந்த வருடம்தான் தெரிந்தது.

அப்போதுதான் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குத் தனிப்பாட்டு எனக்குக் கிடைத்தது. மூன்று வருடமாக நான் ஏங்கிக் கிடந்த பாட்டு. பாட்டு மாஸ்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “மாஸ்க்க மாட்டிட்டு பாடப்பிடாது பிள்ளே.” வீட்டுக்கு வந்து, எனக்குப் பாட்டே வேண்டாம் என்றேன். அம்மா திட்டினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் நிறையத் தாடி அவருக்கு. பேசுகிறாரா, மெல்லுகிறாரா என்றே கண்டுபிடிக்க முடியாது.

பண்டிகைக்கு முந்தின நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒருத்தி முகத்தில் ஏதோ பசையைப் பூசி, காய்ந்ததும் அப்படியே உரித்து எடுத்தாள். உள்ளே ஒரு புள்ளி இல்லாத முகம். ரப்பர் தோட்டத்துக்காரியான நான் பசையைத் தேடிக் கடைக்கா போவேன்? மரத்தில் பால் வடியக் கட்டும் சிரட்டையில் காய்ந்த பாலை உரித்து விளையாடி வளர்ந்தவள். அப்பா காலையில் வெட்டிக் கொண்டுவந்த ரப்பர் பால், ஷீட் அடிக்கும் கொட்டகையில் வாளி நிறைய இருந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை தாராளமாகப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன்.

பால் காய்ந்தது. கன்னத்தில் இழுத்ததும் உயிர் போனது. புருவத்தில் பிடித்த பால் அசையவே இல்லை. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள்.

“ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? இது மூஞ்சியா, ரப்பர் ஷீட்டா?”

அப்பா தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி, பஞ்சில் தொட்டுத் தொட்டு உரித்தார். ஒரு மணி நேரம் ஆனது. “அனங்காத இரி மக்ளே” என்று அவ்வப்போது என் தலையைப் பிடித்து நிறுத்தினார். இந்த மூஞ்சியை நாலு பேர் பார்ப்பதற்குப் பதில் நான் செத்தே போகலாம் என்று அழுதேன். அப்பாவின் கை சற்று நேரம் நின்றது. பிறகு மறுபடி உரித்தார். கடைசியில் இடது புருவத்தில் பாதி போயிருந்தது. பரு அத்தனையும் பத்திரமாக இருந்தது, முன்னைவிடச் சிவப்பாக.

மறுநாள் காலை அப்பா குளித்துவிட்டு வந்தபோது தாடி இல்லை. அம்மா கையில் காப்பியோடு அப்படியே நின்றுவிட்டாள். “கல்யாணத்துக்கே எடுக்க மாட்டேன்னு நின்ன தாடியில்லா” என்றாள். இரண்டு கன்னத்திலும் குழி குழியாகப் பழைய தழும்புகள். நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத முகம். “போவோமா மக்ளே?” என்று அந்த முகம் கேட்டது.

எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், அன்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சபை மொத்தமும் அவரையே பார்த்தது. அந்த இடைவெளியில் நான் மாஸ்க்கைக் கழற்றினேன். முதல் வரி நடுங்கியது. இரண்டாம் வரியில் குரல் வந்துவிட்டது. வெளியே வந்ததும் தோழிகள் பருவைப் பற்றிக் கேட்கவில்லை, புருவம் எங்கே என்றார்கள். ரப்பர் பால் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணீர் வந்தது, எனக்கும்தான். திங்கட்கிழமை மாஸ்க் இல்லாமல் பள்ளிக்கூடம் போனேன். பருவுக்கு டாக்டரிடம் போனதும், அது மெல்ல அடங்கியதும் பிறகுதான்.

நல்லவேளை, எல்லோரும் அப்பாவைப் பார்த்ததில் நான் தப்பித்தேன் என்றுதான் அன்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே அவர் மறுபடியும் தாடி வளர்க்கத் தொடங்கினார். பாவம், அவருக்கு பிளேடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.