ஐந்து ஸ்பானியக் கேள்விகள்

தம்பி ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை. தினமும் சாயங்காலம் வாட்ஸப்பில் அம்மாவைக் கூப்பிடுவான். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அந்த அழைப்பு நின்றுபோனது. நாங்கள் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. ஈஸ்டர் வந்து போனது. அந்த ஒற்றை டிக் இரண்டாகவே இல்லை.

வில்லியனூரில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஊரார் மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்புகிறவள் நான். என் தம்பிக்காகத் தூதரகத்துக்கு நானே எழுதிய மனுக்களுக்கு மட்டும் உருப்படியான பதில் வரவில்லை. வயது வந்தவர், தகவல் ஏதுமில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். வருமானச் சான்றிதழுக்கு வந்த பெரியவர்கூடத் தப்பவில்லை.

எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் எண். போன புதிதில், தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் தொலைபேசியிலிருந்து ஒருமுறை பேசியிருந்தான். அந்த எண்ணை அம்மா காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். அழைத்தேன். வயதான பெண் குரல் கேட்டது. அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பு ஆப்பைப் பேச வைத்தேன். அந்த இயந்திரக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மறுநாளும் அதே கதைதான். சரி, நானே பேசிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். வேறு வழி என்ன இருந்தது?

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் போகிற பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஸ்பானியம் படித்தேன். முதலில் நிகழ்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். என்ன செய்கிறான் என்று கேட்க அது உதவும். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியதோ அங்கே இருந்தபோது அவன் என்ன செய்துகொண்டிருந்தான், யாரோடு பழகிக்கொண்டிருந்தான் என்பது. அதற்குத் தனியாக ஓர் இறந்தகாலம் வைத்திருக்கிறார்கள்.

அப்லார் என்றால் பேசுதல். ஒழுங்கான வினைச்சொல், சொன்னபடி கேட்கும் என்றாள் வீடியோவில் வந்த பெண். அதன் வாலை நறுக்கிவிட்டு 'ஆபா' என்று ஒட்ட வேண்டும். அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா, அப்லாபாமோஸ், அப்லாபாயிஸ், அப்லாபான். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கும் ஆறு இடம். ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு வேறு காலம் உண்டாம். இது வழக்கமாக நடந்ததற்கு, திரும்பத் திரும்ப நடந்ததற்கு.

நம்மிடம் இதற்கென்று தனி வால் கிடையாது. 'அப்பல்லாம் தினமும் பேசுவான்' என்கிறோம். நாளைக்குப் பேசுவான் என்பதற்கும் அதே சொல்தான். அம்மா 'என் புள்ள தினம் பேசுவான்' என்று யாரிடமாவது சொல்லும்போது, இதில் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை. கேட்கத் துணிந்ததில்லை.

சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போதும் அருள்நிறைந்த மரியே முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உதட்டுக்குள் ஓர் அப்லாபா ஓடும். அம்மா நான் கூடுதலாக வேண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பொய்யென்று சொல்ல முடியாது.

மூன்று மாதம். ஐந்து கேள்விகள் தயாரித்தேன். உங்களோடு பேசுவானா, எங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தான், நண்பர்கள் வருவார்களா, உடம்பு நன்றாக இருந்ததா, ஊரைப் பற்றி ஏதாவது சொல்வானா. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் சாப்பிட்ட கையோடு எண்ணைப் போட்டேன். அம்மா என் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

முதல் கேள்வியைக் கேட்டேன். இந்த முறை அந்த அம்மா வைக்கவில்லை. தம்பியின் பெயரை இரண்டு தடவை சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், கொட்டித் தீர்த்துவிட்டார். அப்போதுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. மூன்று மாதமும் கேட்பதற்குத்தான் படித்திருக்கிறேன். பதிலைப் புரிந்துகொள்ளப் படிக்கவே இல்லை.

"இன்னாடி சொல்றா அந்தம்மா?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இரும்மா, செத்த இரு."

மெதுவாக, தயவுசெய்து மெதுவாக என்று கெஞ்சினேன். அந்த அம்மா குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கைபேசி இல்லை. தொலைந்துபோயிற்று. இப்போது இங்கே இல்லை, எங்கே என்று தெரியாது. கைபேசி தொலைந்ததிலிருந்து இங்கே இருந்தவரை, தோதோஸ் லோஸ் தியாஸ், எல்லா நாளும், யமாபா ஆ சு மாத்ரே. நாதியே கொந்தெஸ்தாபா.

அப்லாபாவைப் போலவே ஆபாவில் முடிகிற ஒழுங்கான வினைச்சொற்கள். அதனால் எழுத்துப் பிசகாமல் புரிந்தது. தினமும் அம்மாவைக் கூப்பிடுவான். யாரும் எடுக்கமாட்டார்கள்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருவில் ஓர் அக்கா வெளிநாட்டு எண்ணை எடுத்துப் பேசி ஏமாந்துபோனார். பிளஸ் போட்டு வரும் எண்ணை எடுக்காதீர்கள் என்று எல்லா குரூப்பிலும் செய்தி சுற்றியது. நான் அம்மாவின் போனை வாங்கி, பெயர் பதியாத வெளிநாட்டு எண் எதுவும் மணியடிக்காதபடி அடைத்துவைத்தேன். தம்பிதான் வாட்ஸப்பில் வருகிறானே என்ற தைரியம். நெட் சென்டர்க்காரி அல்லவா, எல்லாம் தெரிந்தவள். அவனுக்கோ மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்திலேயே அம்மாவுடையது ஒன்றுதான்.

அம்மாவின் போனில் தடுக்கப்பட்ட அழைப்புகளைத் திறந்தேன். ஸ்பெயினின் குறியீடான முப்பத்து நான்கில் தொடங்கும் எண்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. விதவிதமான எண்கள், யார் யாரிடமோ போனை வாங்கிக் கூப்பிட்டிருக்கிறான். எல்லாமே சாயங்காலம். அந்த நேரத்தில் இதே வீட்டில் அவன் வரவேண்டும் என்று முழங்காலில் நின்றுகொண்டிருந்தோம். கடைசி அழைப்பு வந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

"தெனம் கூப்ட்டானாம்மா," என்றேன். "நான்தாம்மா அடைச்சி வச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வூட்ல யாருமே இல்லன்னு நெனச்சிருப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த எண்கள் எல்லாவற்றையும் அழைத்துவிட்டேன். சிலர் எடுப்பதில்லை, சிலருக்கு அவனை நினைவில்லை. அடைப்பை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது அம்மா போனைக் கையிலிருந்து இறக்குவதில்லை. கிரெடிட் கார்டு விற்கிற பெண் கூப்பிட்டாலும், மனை விற்கிறவன் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்து "சொல்லுப்பா" என்கிறாள். பதிவு செய்த குரலாக இருந்தாலும் அது முழுக்கப் பேசி முடிக்கும்வரை வைக்கமாட்டாள்.