நான் விசிலடித்த படம்

அந்தப் படத்தில் வானம் ஆரஞ்சு நிறம், புல் கறுப்பு, ரத்தம் மட்டும் நல்ல சிவப்பு. துப்பாக்கிக் குண்டு கொசுவைவிட மெதுவாகப் பறந்து வரும். கதாநாயகன் அதைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு, அதற்கப்புறம் சாவகாசமாகச் சுடுவான். பட்டாளத்துக்குப் போன தம்பியை எதிரிகள் ஆரம்பத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். லாரி ஓட்டுகிற அண்ணன் மலையேறிப் போய் ஒருத்தனையும் மிச்சம் வைக்காமல் தீர்த்துக்கட்டுகிறான். கதை அவ்வளவுதான். அதை ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைப் புடவையும் கைப்பையில் வேதாகமமுமாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலும் அடித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

என் தம்பியும் பட்டாளத்தில்தான் இருந்தான். எல்லையில் ரோந்து போனபோது மறைந்திருந்து சுட்டுவிட்டார்கள். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி சொன்னார். சாம்பியன் ரீப்ஸ் ஊர் முழுக்க அன்றைக்கு எங்கள் லைனில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகளின் முன்னால், நின்றது. அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. ரேஷன் கடையானாலும் ஸ்டேஷனானாலும் நான் மிலிட்டரிக்காரனின் அக்கா. மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மிலிட்டரிக்காரனின் அக்கா எப்படி அழ வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும், எந்தப் படத்துக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஊரே கூடி முடிவு செய்து வைத்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

விசில் விஷயம் திங்கட்கிழமை காலை ரயிலுக்கே வந்துவிட்டது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நாங்கள் ஒரு கூட்டம் தினமும் ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள். முன்னால் ஏறுகிறவர் கைக்குட்டை போட்டு மற்றவர்களுக்கு இடம் பிடிப்பார். பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவன், தியேட்டரில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்திருக்கிறான். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"ஆன்டி, நேத்து இன்னா விசிலு ஆன்டி அது! தியேட்டரே திரும்பிப் பாத்துச்சு. சர்ச் புடவைல வந்து மாஸ் காட்டிட்டீங்க."

எதிரே ஒரு காலேஜ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர், எங்கள் லைனுக்கு அடுத்த லைன்தான். பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"நீங்களா சிஸ்டர்? அது விஷம் சிஸ்டர். யுத்தத்த கல்யாண ஆல்பம் மாதிரி அழகு பண்ணி எடுத்து வெச்சுக்கீறான். எதிரின்னா எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. சாவுன்னா இன்னான்னு தெரியாதவன் எடுத்த படம். நீங்க பாத்தவங்க. நீங்களே இந்தப் புள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க."

"சார், ஆன்டியோட தம்பி நாட்டுக்காக உயிரக் குடுத்தவரு. அவங்களுக்குத்தான் இந்தப் படம் புரியும். உங்களுக்கு இன்னா தெரியும்?"

"அவங்க தம்பி செத்ததாலதான் சொல்றேன், இந்தப் படம் அவங்களுக்கு அவமானம்னு!"

பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கச் சண்டை பரவிவிட்டது. கேமராவைப் புகழ்ந்தவர்கள், இடைவேளைக்கு அப்புறம் இழுவை என்றவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போவது இதனால்தான் என்றவர்கள், பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர்கள். எல்லோருக்கும் நடுவில் என் தம்பியைப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் எந்தக் கட்சி என்று அவனுக்கே தெரியாது. லீவில் வந்தால் காமெடி படமாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்கு வைத்த மீனையும் தின்றுவிட்டுப் போகிறவன் அவன்.

நான் எதற்கு விசிலடித்தேன் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படத்தில் ஒரு காட்சி. பெரிய அதிகாரி வந்து செத்த தம்பியின் மெடலை அண்ணனிடம் நீட்டுகிறார். நாடே உன்னோடு இருக்கிறது, அமைதியாக இரு என்கிறார். அண்ணன் கையை நீட்டவில்லை. சும்மா அவர் முகத்தையே பார்க்கிறான். பின்னணி இசைகூட இல்லை. நான் விசிலடித்தது அங்கேதான், துப்பாக்கி சுட்டபோது இல்லை. சுட்டபோது கைதட்டினேன், அது வேறு.

சாயங்காலம் வீடு திரும்பினால் பெரியம்மா வாசலில் காத்திருந்தார். என் அம்மாவின் சிநேகிதி, சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி. சொந்தமில்லை என்றாலும் சின்ன வயதிலிருந்து எனக்குப் பெரியம்மாதான். உள்ளே வந்து உட்காரவில்லை.

"இன்னாடி, நெஜமாவா? ஆராதனை புடவையோடவா?"

"ஆமாம் பெரியம்மா. வூட்டுக்கு வந்து மாத்திக்கினு போனா ஷோ போய்டும்."

"பழி வாங்கறதப் பாத்துக் கைதட்றது அந்தப் பழில பங்கு வாங்கின மாதிரிடி. உங்கம்மா இருந்தா இன்னா சொல்வா?"

அம்மா போன வருடம்தான் காலமானார். தம்பி இறந்த நாளில் ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். போதகர் வருவார், சபையார் வருவார்கள், மதம் பார்க்காமல் லைனில் இருக்கிற எல்லோரும் வருவார்கள். பாட்டும் வேதவசனமும் முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். அம்மா எழுந்து நின்று, "என் மகனைக் கொன்னவங்கள நான் மன்னிச்சுட்டேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்பார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் சொல்லும். வேறு ஊர்ச் சபைகளில்கூட அம்மாவின் சாட்சியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

பெரியம்மா வந்ததும் அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை கூட்டம்.

"இந்த வருஷம் உங்கம்மா எடத்துல நீதான் நிக்கணும். அவ சொன்னத அப்படியே சொல்லு. அதோட அந்தப் படத்துக்குப் போனது தப்புன்னு ஒரு வார்த்த சேத்துக்கோ. வாலிபப் பசங்க கேப்பாங்க."

"சொல்லலேன்னா?"

"அப்புறம் ஞாயித்துக்கெழம வேதபாடம் வேற யாராச்சும் படிக்கட்டும்னு பாஸ்டராண்ட நான்தான் சொல்லணும். என்ன அந்த நெலமைக்குக் கொண்டாந்து வுடாதே."

எனக்கு அது சரியான அடி. இந்த ஊரில் நானாக, யாருக்கும் அக்காவாக இல்லாமல் நிற்கிற ஒரே இடம், ஆராதனையில் சபைக்கு வேதாகமம் வாசிக்கிற அந்த வேதபாட மேடை. என் குரல் அங்கே நன்றாக இருக்கும். தற்பெருமை என்றாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். வியாழக்கிழமை வரை ரயிலில் யாரோடும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். ஒரு வாக்கியம்தானே, சொல்லிவிட்டுப் போவோமே என்றும் தோன்றியது. சொல்லிப் பார்த்தேன், சமையலறையில், குக்கர் சத்தத்துக்கு நடுவில். நாக்கு திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். போதகர் நாற்காலியில், பெரியம்மா எனக்குப் பக்கத்தில். வாத்தியாரும் பக்கத்து வீட்டு இளைஞனும் கதவோரம் ஒன்றாக நின்றார்கள். என் சாட்சி தன் பக்கம்தான் என்ற நம்பிக்கை இருவர் முகத்திலும் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"எங்கம்மா வருஷா வருஷம் இங்க நின்னு மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க. அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. அவங்க பீரோ எனக்கு வந்துச்சு, தையல் மிஷின் வந்துச்சு. மன்னிப்பு அந்த மாதிரி வராது. நான் மன்னிக்கல."

பெரியம்மா அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "பாஸ்டர், ஒரு பாட்டு பாடிட்லாமா?"

"பாடலாம் பெரியம்மா. நான் முடிச்சுட்றேன். உக்காருங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"படத்துக்குப் போனேன், விசிலடிச்சேன். அது பொய்ப் படம்னு சார் சொல்றாரு. பொய்தான். அது நாட்டுப்பற்றுன்னு இந்தப் புள்ள சொல்றான். நாட்ட நெனச்சுக்கினு நான் விசிலடிக்கல. பெட்டி வந்த நாள்லேர்ந்து தைரியமா இரு, அமைதியா இரு, பெருமையா இருன்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. கோவமா இருன்னு ஒருத்தர் சொல்லல. அந்தப் படத்துல ஒருத்தன் கோவமா இருந்தான். அவ்ளோதான்."

கதவோரம் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். இளைஞன் என்னைப் பார்க்கவில்லை. நான் விடவில்லை.

"படத்துல செத்து வுழறவன் ஒருத்தனுக்கு மீசகூட சரியா மொளைக்கல. அதுக்கும் சேத்துத்தான் கைதட்டினேன். நெஜத்துல அந்த மாதிரி ஒருத்தனுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா கீறா, எனக்குத் தெரியும். என்ன மன்னிச்சுடுன்னு அவளாண்ட போய் நான் கேக்கமாட்டேன். நீங்களும் என்னாண்ட கேக்காதீங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. வேதபாடம் கையை விட்டுப் போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. எனக்கு அது நஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், பாவம், என்ன செய்வார்? எப்போதும் போல் பரமண்டல ஜெபத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினோம்.

எங்கள் வீட்டில் பேசக் கற்றபோதே கற்றுக்கொண்ட ஜெபம் அது. மற்ற நாளில் யோசிக்காமலே வாயில் ஓடும். அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் தெரிந்தே சொன்னேன். ஆகாரம் கேட்கிற வரியைச் சொன்னேன், எனக்குப் பசி உண்டு. அடுத்தது, பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி. வாயை மூடிக்கொண்டேன். கூட்டத்தில் உரத்த குரல் என்னுடையதுதான். அது நின்றதும் மற்றவர்கள் குரலும் தடுமாறியது. பெரியம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, அந்த வரி முடிகிற வரைக்கும் வாயை மூடியே நின்றேன். அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன். ஆமெனை எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன்.