என் கணினி கற்றுக்கொண்ட தப்பான பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். ஆனால் என் ஆராய்ச்சி நடந்த இடம் கிள்ளான் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனை. வாரத்தில் மூன்று நாள் காலையில் பஸ் பிடித்து, நெடுஞ்சாலை நெரிசலில் தூங்கி வழிந்து, கிள்ளானில் இறங்கி நடப்பேன்.

இயற்பியல் படித்தவளுக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று என் அம்மாவே கேட்பார். வேலை இதுதான். வயது ஏற ஏறப் பல பெண்களுக்கு எலும்பு உள்ளே அரித்துப்போகிறது. சும்மா வழுக்கி விழுந்தாலே இடுப்போ மணிக்கட்டோ உடைந்துவிடும். உடைவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் அப்போது கோலாலம்பூரில் ஓரிரு இடங்களில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக மலிவாக ஒரு வழி தேடினோம். தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியில் குதிகாலை வைக்கச் சொல்வோம். தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பினால், அது தண்ணீரையும் குதிகால் எலும்பையும் கடந்து மறுபக்கம் வந்து சேரும். கெட்டியான எலும்பில் ஒலி வேகமாகப் போகும், அரித்துப்போன எலும்பில் மெதுவாகப் போகும்.

வந்து சேரும் ஒலியைப் படித்துப் பார்ப்பதற்கு ஒரு கணினி நிரல் எழுதியிருந்தேன். அதற்கு விதிமுறை எதுவும் சொல்லித்தர வேண்டாம். "இது எலும்பு உடைந்தவருடையது, இது நலமாக இருப்பவருடையது" என்று உதாரணங்களைக் காட்டிக்கொண்டே இருந்தால், வித்தியாசத்தை அதுவே கற்றுக்கொள்ளும். இன்றைக்கு எல்லாரும் பேசுகிற விஷயம்தான். அன்றைக்கு என் வகுப்புத் தோழர்களே அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

மருத்துவமனையில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு சின்னக் குளிர்சாதன அறை. நடுவில் பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் தொட்டியும் நாற்காலியும், மறுபக்கம் கணினியும் நானும். கணினிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஆகாது என்று நான்தான் அந்தத் தடுப்பைப் போடச் சொன்னேன். நோயாளிகளை அழைத்து உட்காரவைத்து, காலைத் தொட்டியில் வைத்து, ஒவ்வொருவருக்கும் தண்ணீரை மாற்றுவது எல்லாம் அங்கே வேலை செய்த ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நோயாளி உட்கார்ந்ததும், "ரெடி மிஸ்!" என்று குரல் கொடுப்பார். நான் பொத்தானை அழுத்துவேன். ஒரு வருஷம் முழுக்க எங்கள் உறவு அவ்வளவுதான்.

ஒரு வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை அளந்தோம். எலும்பு முறிந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் பாதி. அதே வயதில் நலமாக இருந்த, பெரும்பாலும் மருத்துவமனையிலேயே வேலை செய்த பெண்கள் மீதி. கடைசியில் நிரலுக்குப் பரீட்சை வைத்தேன். அதுவரை அது பார்த்தே இராத பெண்களின் அளவுகளைக் கொடுத்தேன். பலவீனம் என்றால் ஒன்று, பலம் என்றால் பூஜ்யம் என்று திரையில் வரும். ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாரையும் சரியாகச் சொல்லிவிட்டது! நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இடித்தது. முறிவு வந்த பெண்களின் குதிகாலில் ஒலி மெதுவாகப் போக வேண்டும். என் அளவுகளிலோ அது வேகமாகப் போயிருந்தது. பாடப்புத்தகத்துக்குத் தலைகீழ். என் பேராசிரியை சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். அவரும் அந்த வரைபடத்தில் விரலை வைத்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்டார். நான் தயாராக இருந்தேன். நோயாளிகளின் கால் வற்றி மெலிந்திருக்கும், அதனால் ஒலி போகும் பாதையே மாறுகிறது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுத எழுத எனக்கே அது உண்மை மாதிரி தோன்றியது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் பேச என் பெயரைக் கொடுத்தார்கள். அம்மா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்ப் பட்டுச்சேலை எடுத்து வந்தார். எலும்புப் பிரிவு டாக்டருக்கு ஒரே உற்சாகம். அடுத்த மாதத்திலிருந்து இந்தத் தொட்டியிலேயே பெண்களைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். பூஜ்யம் வந்தவர்களைக் கோலாலம்பூர் ஸ்கேனுக்கு அனுப்பத் தேவையில்லை, கவலைப்படாமல் போங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அந்த அக்கா தன் தம்பி கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்தார். ஏற்கெனவே அளந்த சிலரை மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டியிருந்ததால், அன்று முதல் தடவையாக நானே வாளியைத் தூக்கித் தொட்டியை நிரப்பினேன்.

முதலில் வந்தவர் கிள்ளானில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா. பாசார் சந்தையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தவர். காலைத் தொட்டிக்குள் விட்டவர், சட்டென்று வெளியே எடுத்துவிட்டார்.

"ஐயோ, என்னம்மா இது, ஐஸ் தண்ணியா இருக்கு! அந்த அக்கா எங்க?"

"அவங்க லீவும்மா. தண்ணி எப்பவும் இதுதானே?"

"இல்லலா! அவங்க பிளாஸ்கில சுடுதண்ணி கொண்டாந்து கலந்து வைப்பாங்களே. வெதுவெதுன்னு சொகமா இருக்கும்."

நான் சிரித்துச் சமாளித்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினேன். இதற்கு முன் இதே அம்மாவுக்கு இரண்டு முறையும் ஒன்று வந்திருந்தது. இப்போது திரையில் பூஜ்யம்.

மறுபடி அழுத்தினேன். பூஜ்யம். எழுந்து அவரிடம் போனேன்.

"அம்மா, அந்த அக்கா எல்லாருக்கும் சுடுதண்ணி கலப்பாங்களா?"

"கை கால் ஒடஞ்சி வர்ற எங்களுக்கெல்லாம் கலப்பாங்க. இங்க வேலை செய்ற ஆளுங்களுக்கு எதுக்கு? அவங்க சும்மா கால வச்சிட்டு, கதை பேசிட்டுப் போறவங்கதானே."

சூடான தண்ணீரில் ஒலி வேகமாகப் போகும். இது எனக்குப் புதிய விஷயம் அல்ல. கல்லூரியில் முதல் வருஷ மாணவிகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி என் காலையே தொட்டியில் வைத்தேன். கையை நீட்டித் தடுப்புக்கு அப்பால் பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம். பக்கத்து அறைக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் கொண்டுவந்து கலந்தேன். மறுபடி காலை வைத்து அழுத்தினேன். ஒன்று. இருபத்தாறு வயதுக் கால், பத்தே நிமிடத்தில் எலும்பு அரித்த கிழவியின் காலாகிவிட்டது! ஒரு வருஷமாக என் நிரல் எலும்பைப் பார்க்கவே இல்லை. யாருடைய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது என்பதை மட்டும் வெகு கெட்டிக்காரத்தனமாகக் கற்றுவைத்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் தப்பான எண்ணமும் வந்தது. இது யாருக்கும் தெரியாது. அக்கா திரும்பி வந்ததும் பழையபடி சுடுதண்ணீர் கலப்பார், எண்கள் பழையபடி அழகாக வரும். சிங்கப்பூர் போய்வந்தபிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது அந்தப் பூக்கார அம்மா காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, என் எலும்பு எப்படி இருக்கு?"

ஒன்று என்றும் சொல்ல முடியாது, பூஜ்யம் என்றும் சொல்ல முடியாது.

"தெரியலம்மா," என்றேன். "எங்க அளவுல தப்பு இருக்கு. சரி பண்ணிட்டுத்தான் சொல்ல முடியும்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இவ்ளோ மிசினு வச்சிருக்கவங்க தெரியலன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்," என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் உண்மையைச் சொன்னபின் அந்தத் தப்பான எண்ணத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

லீவு முடிந்து அக்கா கல்யாண லட்டோடு வந்தார். அதற்குள் எனக்குள் ஆத்திரம் முற்றியிருந்தது. டப்பாவை அவர் நீட்டும்போதே, "யாரைக் கேட்டு சுடுதண்ணி கலந்தீங்க? ஒரு வருஷ வேலை பாழாப் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"அவங்க காலு வச்சதும் நடுங்குவாங்க மிஸ். ஒடஞ்ச எடம் விண்ணுன்னு வலிக்கும்னு சொன்னாங்க. தண்ணிதானேன்னு நெனச்சேன். சூடு மாறக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே மிஸ். என் வேலை போயிருமா?"

மேசையிலிருந்த என் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதில் கருவியின் அளவு, தேதி, நோயாளியின் வயது, எடை எல்லாம் இருந்தது. தண்ணீரின் சூடு இல்லை. இரண்டே அடி தள்ளி, ஒரு பலகைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் எட்டிப் பார்க்கவில்லை. எண்கள் தலைகீழாக வந்தபோதும், எழுந்து போய்ப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பக்கம் கதை எழுதினேன். தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

"உங்க வேலை எங்கயும் போகாதுக்கா. தப்பு என்னுது. கத்தினதுக்கு மன்னிச்சிருங்க," என்றேன். இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு லட்டு சாப்பிட்டோம். அவரோடு அப்படி உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று மதியமே பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் மாநாட்டுக்குக் கடிதம் எழுதி என் பேச்சைத் திரும்பப் பெற்றார். திட்டவில்லை. மறுபடி எத்தனை பேரை அளக்க முடியும் என்று மட்டும் கேட்டார். டாக்டருக்குத்தான் வருத்தம். ஆனால் அடுத்த மாதச் சோதனையை அவரும் அப்போதே நிறுத்திவைத்தார்.

மருத்துவமனையிலேயே வேலை செய்தவர்கள் பிரச்சினையில்லை, ஆனால் நோயாளிகளை மறுபடி அளப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. மேரு, பந்திங், காப்பார் என்று தூரத்து ஊர்க்காரர்கள். உடம்பு சரியில்லாதவர்கள். தங்களுக்கு ஒரு பயனும் இல்லாத காரியத்துக்கு எதற்குப் பஸ் ஏறி வரவேண்டும்? அவர்கள் எல்லாருக்கும் கடிதம் போட்டேன். மூன்று வாரத்தில் நான்கே பேர் வந்தார்கள்.

"லெட்டர்லாம் வேலைக்காகாது மிஸ்," என்றார் அக்கா. "லிஸ்ட்ட என்கிட்ட குடுங்க. நான் கேட்டா வருவாங்க."

சில பேருக்குப் போன் செய்தார். போன் இல்லாதவர்களின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய் அம்மாக்களிடம் மலாயில் பேரப்பிள்ளைகளை விசாரித்தார். சீன ஆன்டி ஒருவர் எங்கள் இருவருக்கும் சாப்பாடு போடாமல் விடவில்லை. யாருக்கு எந்தக் காலில் வலி, யார் மகள் சுபாங் ஜெயாவில் இருக்கிறாள், யாரைப் பஸ்ஸில் ஏற்றிவிட ஆள் வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. போன வீட்டிலெல்லாம், "நீ கூப்புட்டா வராம இருப்பனா?" என்பதைத்தான் வேறு வேறு மொழிகளில் கேட்டேன். என் அளவைக் கெடுத்த அதே அன்புதான் அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. ஆறு மாதத்தில், இறந்துபோன ஒருவரையும் ஊர் மாறிப்போன சிலரையும் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள்.

இந்த முறை மீன் தொட்டிக் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கித் தொட்டியில் மாட்டினோம். வெப்பமானி ஒன்றையும் தொங்கவிட்டோம். எல்லாருக்கும் ஒரே சூடு. சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதும் பொறுப்பு அக்காவுடையது. யாரும் நடுங்காத சூடாகவே அதை வைக்கச் சொன்னார். பலகைத் தடுப்பையும் எடுத்துவிட்டோம். புதிய அளவுகளை வைத்து நிரலுக்கும் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தேன்.

முடிவு பழைய மாதிரி பிரமாதமாக இல்லை. நிரல் பலரைச் சரியாகச் சொன்னது, சிலரைத் தவறவிட்டது. ஆனால் இந்தத் தடவை புத்தகத்தில் சொன்னபடியே அரித்த எலும்பில் ஒலி மெதுவாகப் போனது. பூக்கார அம்மாவுக்குப் பலவீனம் என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது. நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வது இன்னொருவரை. மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த ஒரு மலாய் அம்மா. நலமானவர்கள் கூட்டத்தில் இருந்தவர். பழைய அளவுகளில் அவருக்கு எப்போதும் பூஜ்யம்தான். புதிய அளவில் ஒன்று வந்தது. கோலாலம்பூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அவர் எலும்பு உண்மையிலேயே அரித்திருந்தது. விழுந்து உடைவதற்கு முன்பே மருந்து ஆரம்பித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தால், அவரிடம் கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்போம்.

பட்டம் ஒரு வருஷம் தாமதமாகக் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியைக்கு அடுத்து அக்காவின் பெயரை எழுதினேன். அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டேன். எண்கள் கோணலாக வரும்போது எல்லாரும்தான் கவலைப்படுகிறார்கள்; எனக்கோ, எண்கள் மிக அழகாக வருகிற நாளில்தான் உட்கார முடிவதில்லை, எழுந்து போய், அளக்கிற இடத்தில் நிற்கிறவரிடம் "நீங்க எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கூடவே நிற்கிறேன்.