இடக்கைக்காரியும் ஆறு கீ குழலும்

என் மனைவி தையல்காரி, இடக்கைக்காரி. இந்த இரண்டையும் சொன்னால் அவளைப் பற்றி முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். மீதிக் கால்வாசி புல்லாங்குழல்.

சின்ன வயதில் ஸ்கேலால் அடித்து அடித்து அவளை வலக்கையில் எழுத வைத்தார்கள். எழுத்தோடு சரி, மற்ற எல்லாம் இடக்கைதான். நாற்பது வயதில் குழல் கற்க ஆரம்பித்தாள். பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்து முடித்ததும் ஆறு துளை மூங்கில் குழலை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு ஊதுவாள். நான் பஸ் ஓட்டுகிறவன். ஹாரன் சத்தத்தில் செத்துப்போன என் காதுக்கே அது இனிக்கும்.

நகர வாத்தியக் குழுவில் ஓர் இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. கீ வைத்த குழலோடுதான் வர வேண்டுமாம். கீ என்பது விரல் எட்டாத துளையை மூடித் திறக்கிற சின்ன உலோக நெம்பு. மூங்கில் குழலை எந்தக் கையாலும் பிடிக்கலாம். கீ வைத்தவற்றை வலக்கைக்காரர்களுக்கென்றே செய்கிறார்கள். இரவல் வாங்கி மூன்று குழல் பார்த்தாள். மூன்றிலும் அவள் சுண்டுவிரல் காற்றைத் துழாவியது.

"போகட்டும் விடுங்க," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் மனசு ஆறவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

சனிக்கிழமை மதியம் பழைய சாமான் கடையில் சைக்கிள் பம்புக்கும் உடைந்த குடைக்கும் நடுவில் ஒரு கறுப்பு மரக் குழல் கிடந்தது. நான்கு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி, ஆறு கீ. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆறில் ஒன்றாவது அவள் விரலுக்கு எட்டாதா என்று வாங்கிவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் நேராக வாத்திய ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன்.

அவர் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "யாரோ தொழில் தெரியாதவன் செஞ்சது சார். கீ எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கு. கழட்டிட்டு, பழைய ஓட்டையை அடைச்சு, இந்தப் பக்கம் புதுசா போட்டுத் தரேன். சாயங்காலம் வாங்க."

நான் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க அவள் கத்தரியை எடுத்தேன். அது வெட்டாமல் காகிதத்தை மடக்கியது. வந்த எரிச்சலில், "இதுக்குச் சாணை பிடின்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன்.

"கத்தரிக்கு ஒண்ணும் இல்ல. அது இடக்கைக் கத்தரி. உங்க கையில வெட்டாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றேன்."

"ஆமா, இன்னைக்கு எல்லாம் எதிர்ப்பக்கமாத்தான் இருக்கு," என்று குழல் கதையை உளறினேன்.

அவள் கையிலிருந்த சாக்கட்டி நின்றது. "எத்தனை கீ எதிர்ப்பக்கம்?"

"ஆறும்."

"தொழில் தெரியாதவன் ஒண்ணு ரெண்டுதான் தப்பா வைப்பான். ஆறையும் ஒழுங்கா தப்பா வைப்பானா? கிளம்புங்க."

ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. துளைபோடும் மிஷின் ஓடினால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அவள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு தெருவில் இறங்கி ஓடினாள். பஸ்ஸை விரட்டி ஓட்டத் தெரிந்த எனக்கு இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

பட்டறையில் ஆறு கீயும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. குழலைப் பிடிப்பானில் இறுக்கி, துளைபோடும் மிஷினை அவர் மரத்தில் வைக்கப் போனார்.

"கீழ வைங்க அதை," என்றாள். அவர் வைத்துவிட்டார். அந்தக் குரலுக்கு நானும் வைத்திருப்பேன்.

குழலை எடுத்து, துணியின் தையலைப் பார்ப்பது மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். "கீ உட்கார்ற மேடு தனியா ஒட்டினது இல்ல. அதே மரத்துல கடைஞ்சது. செய்யும்போதே இந்தப் பக்கம்னு முடிவு பண்ணித்தான் செஞ்சிருக்காங்க. ஊதுற துளையில உதடு பட்டு வெளுத்த ஓரம் எது, பாருங்க."

ரிப்பேர்க்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வலக்கைக்காரங்க உதடு படாத எதிர் ஓரம்மா."

அவள் குழலை இடப்பக்கம் நீட்டிப் பிடித்தாள். அடியில் மரம் தேய்ந்து லேசாகப் பள்ளமாகியிருந்த இடத்தில் அவள் இடது கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை வருஷம் வாசிச்சா மரம் இப்படித் தேயும்," என்றாள். "என்னை மாதிரியே ஒருத்தர் இருந்திருக்காங்க."

ரிப்பேர்க்காரருக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முகமில்லை. "நாப்பது வருஷத் தொழில்ல இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்லம்மா," என்று சொல்லிக்கொண்டே கீகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் பூட்டினார். அவள் ஊதினாள். சுண்டுவிரல் கீயில் போய் விழுந்தது. அடிக்குரலில் ஒரு சுரம் நீளமாக எழுந்தது. சந்தோஷத்தில் நான் அங்கிருந்த முரசை ஓங்கித் தட்டி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை தேர்வில் அவள் வாசித்து முடித்ததும் குழுத் தலைவர் குழலூதுகிறவர்களின் வரிசையைப் பார்த்தார், அவள் குழலைப் பார்த்தார். எழுந்து போய்த் தானே ஒரு நாற்காலியை இழுத்து வரிசையின் இடது ஓரத்தில் போட்டார்.

"இங்க உட்காருங்கம்மா. நடுவுல உட்கார்ந்தா பக்கத்து ஆளோட குழலும் உங்களதும் முட்டிக்கும்."

அவள் கையை மாற்றச் சொல்லாமல் நாற்காலியை மாற்றிப் போட்ட முதல் ஆள் அவர்தான். அவள் போய் உட்கார்ந்து, குழலை இடப்பக்கம் நீட்டினாள். நான் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.