அளவில் சேராத சாரல்

மாமா ஒரு வெங்காயத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் சிரமமில்லாமல் உள்ளே போயிற்று. அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படியே. நாலைந்து பார்த்தபின் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆய்க்குடிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வயலில், பறித்துப் பரப்பிய சின்ன வெங்காயம் வரிவரியாகக் கிடந்தது. வெங்காயத் தாள் சருகாகக் காய்ந்திருக்க வேண்டிய நாளில் கொழகொழவென்று கறுத்திருந்தது. நான் வரப்பில் நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. நாற்றம்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சமிருந்ததில்லை. கல்லூரியில் வேளாண்மை படித்தேன். குத்துக்கல்வலசையில், உழவர்களுக்கு வானிலைத் தகவல் அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை. மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியைத் தினமும் காலையில் பார்த்து அளவைப் பதிவேட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. போன வருஷம் புரட்டாசியில் மாமா போன் செய்தார்.

"ஏட்டி ஆபீசரு, வெங்காயம் வெளைஞ்சு நிக்கு. பறிச்சிரட்டுமா? மழை கிழை வருதா?"

கணினியைப் பார்த்தேன். அடுத்த பத்து நாளும், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழேதான்.

"மழை இல்ல மாமா. தைரியமா பறிங்க."

"ஒங்க அத்தை, மலையில மூட்டம் கெடக்குங்கா."

"அத்தைகிட்ட சாட்டிலைட்டா இருக்கு?"

மாமா சிரித்தார். "ஏளா, கேட்டியா? ஒங்கிட்ட சாட்டிலைட்டு இல்லையாம்" என்று அவர் அத்தையிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் ஆள் விட்டுப் பறித்தார். மூன்று நாள் வெயில் போதும். தாள் காய்ந்ததும் அதை அறுத்துவிட்டு, வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறையில் அடைத்துவிடலாம். இரண்டாம் நாள் மத்தியானம் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் இறங்கியது. ஆனி, ஆடியில் வந்து போக வேண்டியது, இப்போதெல்லாம் நினைத்த மாதத்தில் வருகிறது. சாரல் மழையல்ல. குடைக்குள்ளும் நனைக்கும், ஆனால் ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு சொட்டு வடியாது. வெயிலையும் விடாது. எட்டு நாள் விடாமல் அடித்தது. வெங்காயத்தைத் தார்ப்பாயால் மூடினால் புழுங்கி அழுகும், திறந்து போட்டால் நனைந்து அழுகும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதென்று வெளியூர்க் கார்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் மழைமானியின் உட்பக்கம் ஈரமாக இருக்கும். அளவுக் குழாயில் ஊற்றிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அளக்க முடியாததை எழுதக் கூடாது என்பது அலுவலக முறை. எட்டு நாளும் பூஜ்யம் என்று எழுதினேன். என் கணிப்பு தப்பவில்லை. தப்பியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

ஒன்பதாம் நாள்தான் வயலுக்குப் போனேன். அத்தை குனிந்து, அழுகாதது ஏதாவது இருக்கிறதா என்று பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நடவுக்கான விதை வெங்காயமும் அதில்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். பக்கத்து வயல்காரர் வரப்போரம் வந்து, "என்ன வே, படிச்ச மருமவ சொல்லித்தான் பறிச்சீரோ?" என்று மாமாவைக் கேட்டார்.

"அவ சரியாத்தான் சொன்னா" என்றார் மாமா. "நான் மழையைத்தான் கேட்டேன். சாரலைக் கேக்கலல்லா."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை வரப்புப் புல்லில் தேய்த்தேன். அத்தை மலையைப் பார்த்துச் சொன்னதை மாமா என்னிடம் சொல்லத்தான் செய்தார். நானும் இருபத்து மூன்று வருஷம் சாரலில் நனைந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் நான் திரையில் இருந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

இந்த வருஷம் ஆடி முடிந்தும் மழை நிலவரம் கேட்டு மாமாவிடமிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். மக்காச்சோளம் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"சாரல் அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. ஒன்னையப் போட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு."

"சரி மாமா" என்றேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.